அடைத்த கடனும் அழியாத பதிவும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் எரியும் ஜோதி வெகுதூரம் தெரியும். ஆனால் வைத்தியத்துக்காக வாங்கிய கடனை வட்டியோடு அடைத்துத் தீர்த்த பின்னும், அது பாக்கி நிற்பதாக கடன் அறிக்கையில் பதிவாகியிருக்குமானால், அந்தப் பதிவு அந்த ஜோதியைவிடத் தூரம் பிரயாணம் செய்து, நாம் நுழையும் ஒவ்வொரு வங்கியிலும் நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பாக்கியே கடன் அறிக்கையில் ஏறுவது வழக்கம். 500 டாலருக்குக் குறைந்தவற்றை 2023-இல்தான் நீக்கினார்கள். நம் தேசத்தில் ஆஸ்பத்திரிகள் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு எழுதுவதில்லை. சிகிச்சைக்கென்று எடுத்த தனிநபர் கடனும் கிரெடிட் கார்டுத் தவணையுமே, வங்கியின் வாயிலாக, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்னும் நான்கு நிறுவனங்களைச் சென்றடைகின்றன.

ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டது. அதில் பிழை கண்டால், கடன் தீர்ந்ததற்கான சான்றிதழோடு அந்நிறுவனத்திடமோ வங்கியிடமோ ஆட்சேபம் தெரிவிக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம்: வங்கி சம்மதியாமல் நிறுவனம் தானாக ஓரெழுத்தும் திருத்தாது, ஆகவே வங்கிக்கும் எழுத்து மூலமாகத் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது உத்தமம். முப்பது நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் 2023-ஆம் வருஷத்து உத்தரவுப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. அதற்கும் அசையாதவர்கள்மீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆனால் ஆட்சேபிக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறிக்கையில் "முழுதும் அடைத்தது" என்பதும் "பேசி முடித்தது" என்பதும் ஒன்றல்ல. சலுகைத் தொகையில் முடித்த கடன் அவ்வாறே பதிவாவது பிழையாகாது.