விளக்கும் இதழும்

மாணவர்களே! பெங்களூருவில் நம் இல்லங்களுக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்காம் என்னும் அரசு நிறுவனம். ஊரில் தாத்தா பாட்டி வீட்டிற்கு அதனை வழங்குவது மின்வாரியம். இரண்டு இடங்களிலும் நாம் கட்டணம் செலுத்தும் நுகர்வோர் மட்டுமே. ஆனால், மின்சாரத்தைப் பயன்படுத்துவோரே அதனை வழங்கும் அமைப்பின் உரிமையாளராகவும் விளங்கும் இடங்கள் உள்ளன. அத்தகைய அமைப்பே ஊரக மின் கூட்டுறவுச் சங்கம் ஆகும்.

சிவசமுத்திர அருவியின் நீராற்றலால் 1905 ஆம் ஆண்டிலேயே பெங்களூரு வீதிகளில் மின்விளக்குகள் எரிந்தன. சிற்றூர்களோ அதன் பின்னரும் நெடுங்காலம் இருளில் இருந்தன. ஊர்கள் தொலைவில் உள்ளன; வீடுகளோ சில. நீண்ட கம்பி இழுத்துச் சில வீடுகளுக்கு மின்சாரம் தருவதில் வருவாய் குறைவு. அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1930களின் நடுவில் அங்குப் பத்துப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ ஒன்றில் மட்டுமே மின்சாரம் இருந்தது. 1935 இல் ரூசுவெல்ட் அரசு ஊரக மின்மயத் துறையை ஏற்படுத்தியது. உழவர்கள் சங்கமாகத் திரண்டு, அரசுக் கடன் பெற்றுத் தாங்களே மின்கம்பங்களை நட்டனர்.

கூட்டுறவில் செல்வர்க்கும் எளியவர்க்கும் ஒருவர்க்கு ஒரு வாக்கே உண்டு. உறுப்பினர்களே இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால், செய்தி அறியாதவர் எவ்வாறு சிந்தித்து வாக்களிக்க இயலும்? இத்தேவையிலிருந்து பிறந்தவையே உறுப்பினர் இதழ்கள். டெக்சாஸ் மாநிலத்தில் 1944 முதல் 'டெக்சாஸ் கோ-ஆப் பவர்' என்னும் இதழ் வெளிவருகிறது. இத்தகைய இதழ்களில் பொதுக்குழுக் கூட்டம், தேர்தல், மின்கட்டணம் பற்றிய அறிவிப்புகளும் பாதுகாப்புக் குறிப்புகளும் இடம்பெறும். சமையல் குறிப்புகள், ஊர்க்கதைகள், மாணவர்க்கான உதவித்தொகைச் செய்திகள் ஆகியனவும் உண்டு. சமையல் குறிப்பைத் தேடிப் பக்கம் புரட்டுபவர் கட்டண அறிவிப்பையும் படித்துவிடுவார் அன்றோ!

அமெரிக்கச் சங்கங்களின் பட்டறிவு இந்தியாவிற்கும் வந்தது. 1969 இல் ஊரக மின்மயக் கழகம் தோன்றியது. அதனையொட்டி ஐந்து முன்னோடிச் சங்கங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று நம் கர்நாடகத்தின் பெளகாவி மாவட்டத்திலுள்ள உக்கேரியில் உள்ளது. நெசவாளர் மிகுந்த தெலங்கானாவின் சிர்சில்லாவில் மற்றொன்று உள்ளது. இவை மொத்தமாக மின்சாரத்தை வாங்கி உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன.

மூன்றாவதொரு சங்கமான மகாராட்டிரத்தின் முளா-பிரவரா வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. வாங்கிய மின்சாரத்திற்காக மாநில மின் நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டிய நிலுவை ஆண்டுதோறும் பெருகியது. 2011 இல் மின்வழங்கும் பணி அச்சங்கத்திடமிருந்து மாநில நிறுவனத்தின் கைக்குச் சென்றது. உரிமை ஒருமுறை கிடைத்துவிட்டால் என்றும் நிலைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது.

நம் நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தெரிவிப்பதை இதழ் திங்கள்தோறும் எளிய மொழியில் தெரிவிக்கிறது. அதனைப் படித்து வினா எழுப்பும் உறுப்பினரே உண்மையான உரிமையாளர். கம்பி வழியே வரும் ஒளி வீட்டை விளக்கும். எழுத்து வழியே வரும் ஒளி உரிமையைக் காக்கும்.

பயிற்சி

1. சிற்றூர்களுக்கு மின்சாரம் தாமதமாகச் சென்றது ஏன்?
2. நுகர்வோர், உறுப்பினர் – வேறுபாடு யாது?
3. உங்கள் குடியிருப்புச் சங்கத்திற்கு ஓர் இதழ் தொடங்கினால், முதல் பக்கத்தில் எச்செய்தியை வெளியிடுவீர்கள்? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.