"என் வாழ்க்கையே மாறிடுச்சு சார்!" - இந்த கமெண்ட்டை எழுதினது யாரு?

ஜூலை மாசம்னா எங்க ஆபீஸ்ல ரிட்டர்ன் சீசன். கரையான்சாவடி ஜங்ஷன்ல பஸ் இறங்கி, மாடிப்படி ஏறி வர்றவங்கள்ல பாதிப் பேர் கையில ஃபார்ம் 16 இருக்கும். போன சீசன்ல அப்படி வந்த ஒரு தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்ல குவாலிட்டி இன்ஜினியர். ஃபார்மை மேஜையில வெச்சுட்டுக் கேட்டார்: "அண்ணா, ஏமாந்துபோன பணத்தை வரியில கழிச்சுக்க முடியுமா?"

எவ்வளவுன்னு கேட்டேன். 38,000 ரூபாய். அவர் கைக்கு வர்ற ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். யாரை நம்பிப் போட்டீங்கன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னார்: "உங்களைத்தாண்ணா."

போனைக் காட்டினார். எஸ்ஐபி பத்தி நான் நம்ம சேனல்ல போட்ட பழைய வீடியோவில் இருந்து வெட்டி எடுத்த 40 விநாடி. முகம் என்னோடது, சட்டை என்னோடது, பின்னாடி இருக்கிற புத்தக அலமாரியும் என்னோடது. குரல் மட்டும் வேற: "என் விஐபி குரூப்ல சேருங்க, மாசம் 20 சதவீதம் உறுதி."

"குரல் மாறி இருக்கே, சந்தேகம் வரலையா தம்பி?"

"வந்துச்சுண்ணா. அதான் கீழே கமெண்ட்ஸ் படிச்சுப் பார்த்தேன்."

திருட்டு வீடியோ, வாடகை கமெண்ட்

நானும் படிச்சேன். "முதலில் நானும் நம்பவில்லை, இப்போது என் வாழ்க்கையே மாறிவிட்டது." அடுத்தவர், "எப்படிச் சேர்வது?" மூணாவது ஆள் உடனே டெலிகிராம் பேரைக் கொடுக்கிறார். இன்னொரு விளம்பரத்தைத் தேடிப் பிடிச்சேன். அதில் வேற ஒரு ஆலோசகர் முகம், ஆனா கீழே அதே கமெண்ட். "நன்றி"யை "நண்றி"ன்னு எழுதின பிழைகூட அப்படியே இருந்தது. காப்பி அடிச்சவங்க பேரை மட்டும் மாத்தி இருக்காங்க, பிழையை மாத்தலை.

அப்போ இதை எழுதுறது யாரு? சில சமயம் மென்பொருள். பல சமயம் உங்களை, என்னை மாதிரி ஆட்கள்தான். "வீட்டில் இருந்தே வேலை, ஒரு ரிவ்யூவுக்கு 150 ரூபாய்"னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்திருக்கும், ஞாபகம் இருக்கா? முதல் ரெண்டு நாள் ஒழுங்கா பணம் வரும். மூணாவது நாள், "பெரிய டாஸ்க்குக்கு நீங்க முன்பணம் கட்டணும்"பாங்க. கட்டின பணம் திரும்பாது. இந்த மாதிரி பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடிகளில் ஈடுபட்ட நூறுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. உங்களுக்கு வந்த அந்த 150 ரூபாய், வேற ஒருத்தரிடம் திருடின பணமா இருக்கலாம். அவர் புகார் கொடுத்தா, பணம் போன வழியைப் பிடிச்சுட்டு வந்து உங்க சம்பள அக்கவுண்ட்டையே முடக்கி வைப்பாங்க. இஎம்ஐ, வாடகை எல்லாம் நிக்கும்.

பெரிய இடத்துக்கும் இதே கதைதான்

தேசிய பங்குச் சந்தையின் தலைமைச் செயல் அதிகாரி ஆஷிஷ்குமார் சவுகான் பங்கு சிபாரிசு செய்வது போல போலி வீடியோ வந்தது. 2024 ஏப்ரலில் என்எஸ்இ எச்சரிக்கை வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில், அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் முகத்தை வெச்சு வந்த முதலீட்டு வீடியோக்கள் போலின்னு ரிசர்வ் வங்கி சொன்னது.

கூட்டத்தைக் காசு கொடுத்து வாங்கினா என்ன நடக்கும்னு காட்டினது சாத்னா பிராட்காஸ்ட் வழக்கு. 2022 ஜூலையில், அந்தக் கம்பெனியை அதானி குழுமம் வாங்கப்போகுதுன்னு யூடியூபில் பொய் வீடியோக்கள் வந்தன. பணம் செலவு பண்ணி விளம்பரம் செஞ்சு பார்வைகளை ஏத்தினாங்கன்னு செபி உத்தரவு சொல்லுது. பார்த்து நம்பினவங்க வாங்கினாங்க. விலை ஏறினதும் உள்ளே இருந்தவங்க வித்துட்டுப் போனாங்க. 2025 மே மாசம் வந்த இறுதி உத்தரவில், சுமார் 58 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொன்னது செபி. வியூஸ் எண்ணிக்கை என்பது தரச் சான்றிதழ் இல்லைங்க. அது காசுக்குக் கிடைக்கிற பொருள்.

எனக்கும் அப்படி ஒரு ஆஃபர் வந்தது. சேனல் ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஏஜென்சி, "சார், 500 கமெண்ட் பேக்கேஜ் இருக்கு, தமிழ்லயே எழுதித் தருவோம்"னு கேட்டாங்க. வாங்கலை. ஆனா வாங்கின சேனலையும் வாங்காத சேனலையும் நீங்க வெளியில இருந்து பிரிச்சுப் பார்க்க முடியாது. அதுதான் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்லுது?

* ஆன்லைன் ரிவ்யூக்களுக்காக 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து எழுத வைத்த ரிவ்யூ கூடாது என்கிறது. ஆனா கொண்டுவந்தப்போ அது கட்டாயமா இல்லை, விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம்னுதான் இருந்தது.
* தவறான விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரை.
* இன்னொருத்தர் விளம்பரத்தைக் காப்பி அடிக்கக் கூடாதுன்னு விளம்பரத் தர கவுன்சிலின் விதியே இருக்கு. அனுமதி இல்லாம வீடியோவை எடுத்தால் 1957 காப்புரிமைச் சட்டம் இருக்கு.

நானும் புகார் பண்ணினேன். நாலு நாளில் விளம்பரத்தை எடுத்தாங்க. அடுத்த வாரம் வேற பேரில் அதே 40 விநாடி திரும்ப வந்தது. அதனால சட்டம் வந்து காப்பாத்தும்னு காத்திருக்காதீங்க.

பணம் அனுப்பும் முன் 4 செக்

1. கணக்குப் போடுங்க. மாசம் 20 சதவீதம்னா, 50,000 ரூபாய் ரெண்டு வருஷத்தில் சுமார் 39.7 லட்சம் ஆகணும். மூணு வருஷத்தில் மூன்றரைக் கோடி. அப்படிச் சம்பாதிக்கத் தெரிஞ்சவர் உங்க 50,000-க்கு ஏன் விளம்பரம் கொடுக்கணும்?
2. பதிவு எண் கேளுங்க. முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்றும், ரிசர்ச் அனலிஸ்ட்டுக்கு ஐஎன்ஹெச் என்றும் தொடங்கும். எண்ணை வாங்கிட்டு, செபி இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்க. அவங்க அனுப்புற சான்றிதழ் படத்தை நம்பாதீங்க.
3. பணம் போற இடத்தைப் பாருங்க. தனி நபர் அக்கவுண்ட்டா? அங்கேயே நிறுத்துங்க. 2025 அக்டோபர் முதல், செபியில் பதிவான புரோக்கர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் '@வேலிட்' என்று வரும் யுபிஐ முகவரி இருக்கு. அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் சின்னம் தெரியும்.
4. கமெண்ட் எழுதினவர் பேரைத் தட்டுங்க. அக்கவுண்ட் எப்போ தொடங்கினது, வேற எங்கே என்ன எழுதி இருக்கார்னு பாருங்க. அந்த வாக்கியத்தை அப்படியே காப்பி பண்ணித் தேடினாலே பாதி குட்டு வெளிப்படும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்

கழிக்க முடியாது. மோசடியில் போன பணத்தை சம்பள வருமானத்தில் கழிக்க வருமான வரிச் சட்டத்தில் வழி இல்லை. அதைவிட வருத்தம், அவர் 1930-க்கு போன் பண்ணவே இல்லை. "வெளியே சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணா"ன்னார். அதுக்குள்ள ஒன்பது நாள் ஓடிப்போச்சு. அன்னைக்கே என் ஆபீஸ்ல உட்கார்ந்து புகார் பதிவு பண்ணினோம். பணம் இன்னும் வரலை.

1930-ஐ உங்க போன்ல இப்பவே சேவ் பண்ணுங்க. பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னாத்தான், அது அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். ஏமாந்தது உங்க தப்பு இல்லை. லேட் பண்ணினா லாபம் அவங்களுக்குத்தான்.

கடைசியா ஒண்ணு. எனக்கு விஐபி குரூப் கிடையாது, டெலிகிராம் கிடையாது, யார் பணத்தையும் நான் வாங்கி முதலீடு பண்றதும் கிடையாது. என் முகத்தோட யாராவது கேட்டா, அது நான் இல்லை. இந்த வீடியோவுக்குக் கீழே "என் வாழ்க்கையே மாறிடுச்சு"ன்னு யாராவது எழுதினா, அவரையும் ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்க!