நைட் டியூட்டிப் பிள்ளைகள்

படப்பையில் எந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தாலும் யாராவது ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துதான் கதவைத் திறப்பார். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். மதியம் ஒரு நடை, இரவு ஒரு நடை. ஒரகடத்தில் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை செல்போன், எலெக்ட்ரானிக்ஸ். எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலில் பகலில் அட்டை வைத்து மறைத்திருந்தால் மீன்காரம்மாகூட அந்த இடத்தில் குரலை இறக்கிக்கொள்வார். உள்ளே நைட் ஷிஃப்ட் ஆள் தூங்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒரு நர்சிங் காலேஜில் டியூட்டர். என் மாணவிகளில் சிலர் இதே தெருக்களில் மாடி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களும் நைட் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்காக யாரும் குரலை இறக்குவதில்லை. “என்ன மேடம், காலேஜ் பொண்ணு பதினோரு மணி வரைக்கும் படுத்துக் கெடக்குது?” என்று ஹவுஸ் ஓனர் எனக்கே போன் போட்டுக் கேட்பார்.

பி.எஸ்சி நர்சிங்கில் வகுப்பு, வார்டு இரண்டும் கூடவே ஓடும். கடைசி செமஸ்டரில் வார்டுதான் பெரும்பங்கு. நைட் முடிந்து காலையில் ஹேண்ட்ஓவர் கொடுத்து, பஸ் பிடித்து ரூமுக்கு வந்தால் கேர் பிளான் எழுத வேண்டும், ரெக்கார்டு நோட் முடிக்க வேண்டும், நடுவில் துணி துவைக்க வேண்டும். வெளியே சாலையில் கண்டெய்னர் லாரி ஹாரன். மதியம் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதிகம். மறுபடி சாயங்காலம் யூனிஃபார்மை அயர்ன் பண்ண வேண்டியதுதான். எம்.பி.பி.எஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் பிள்ளைகள் பாடு இதைவிட மோசம்; அவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேர டியூட்டி சாதாரணம்.

ஒரு மாணவி விடியற்காலை ஐந்து மணிக்கு இன்சுலின் 4 யூனிட் என்பதை 14 என்று எழுதிவிட்டாள். சீனியர் சிஸ்டர் கண்ணில் பட்டதால் பிழைத்தது. அவள் கணக்குத் தெரியாதவள் அல்ல, வகுப்பில் டோசேஜ் கணக்கை முதலில் முடிப்பவள் அவள்தான். விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் மனித உடலின் வெப்பம் மிகக் குறைந்த அளவுக்கு இறங்குகிறது, விழிப்பும் அதோடு இறங்குகிறது. அத்தோடு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூங்கினால்தான் அது கரையும். காபி அதைக் கரைப்பதில்லை, அது சேர்ந்திருப்பது தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். காபியிலும் டீயிலும் உள்ள காஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்குக் குடிக்கும் கேன்டீன் டீ, காலை ஒன்பது மணித் தூக்கத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

1997-ல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை, கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவர்களைப் போல இருந்தது. இருபத்து நான்கு மணி நேரம் விழித்தால் 0.10 சதவீதம். நம் நாட்டில் 0.03-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. நைட் முடித்த பிள்ளை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒரகடம் சாலையில் லாரிகளுக்கு நடுவே வருவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ‘நைட் முடிந்தால் பஸ்தான்’ என்று என் பேட்ச்சில் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் ஒரு பெண் காரணமில்லாமல் அழுதால் வார்டன்கள் முதலில் கேட்பது, “யாரு அந்தப் பையன்?” நான் முதலில் கேட்பது, “கடைசியா எப்ப நல்லாத் தூங்கின?” சென்ற ஆண்டு ஒருத்தி, “சும்மா சும்மா அழுகை வருது மேடம், பேஷன்ட் அட்டெண்டர் சத்தம் போட்டாக்கூட நெஞ்சு படபடங்குது” என்றாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். யோசித்து யோசித்துப் பார்த்தும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. 2007-ல் அமெரிக்காவில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பயம், கோபம் போன்றவற்றைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, கலங்கவைக்கும் படங்களைப் பார்த்தபோது மற்றவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. அட்டெண்டர் சத்தம் போட்டால் அவளுக்குப் படபடக்காமல் என்ன செய்யும்?

மனசு சரியில்லாததால் தூக்கம் போகிறது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2017-ல் பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த, தூக்கமில்லாத 3,755 மாணவர்களை எடுத்து, ஒரு பாதிக்குத் தூக்கத்துக்கான உளவியல் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். தூக்கம் தேறியது, கூடவே மனச்சோர்வு, பதற்றம், பிறர் மேல் வரும் வீண் சந்தேகம் எல்லாம் குறைந்தன.

மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. பதில் எழுதிய 25,590 இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். முதுநிலையில் இருப்பவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் விடுப்பு, தினமும் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று உத்தரவு போட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் 48-லிருந்து 74-க்கு வந்திருக்கிறோம், அதுவும் பரிந்துரையாக!

எங்கள் ஊர் ஆட்களுக்கு வேலை நேரத்தின் அருமை தெரியாமல் இல்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. அன்று வீட்டுக்கு வந்திருந்த என் கொழுந்தனார் லைனில் வேலை பார்ப்பவர். “எங்களுக்காவது ஓ.டி. காசு உண்டு அண்ணி, உங்க பசங்களுக்கு என்ன கணக்கு?” என்றார். அதற்காக ஆலைகளைக் கொண்டாடவில்லை; கான்ட்ராக்ட் பையன்கள் கண் சிவந்து நிற்பதை தினமும் பார்க்கிறேன். ஆனால் அங்கே ஒரு பஞ்சிங் மெஷினாவது இருக்கிறது.

ஷிஃப்டை எப்படிச் சுழற்றுவது என்ற பாடமும் ஓர் ஆலையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக் கரையில் இருந்த கனிம ஆலை அது. முதலில் அங்கே ஷிஃப்ட், நைட், ஈவினிங், மார்னிங் என்று பின்னோக்கிச் சுழன்றது, அதுவும் வாரம் ஒரு தடவை. சார்ல்ஸ் சைஸ்லரும் கூட்டாளிகளும் அதை முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மாறும்படி வைத்தார்கள். தொழிலாளர்களின் உடல்நிலையும் தேறியது, உற்பத்தியும் கூடியது. 1982-ல் அதை எழுதினார்கள். நம் உள்கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்குச் சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். அதிலும் இருபது வயதை ஒட்டித்தான் அந்தக் கடிகாரம் வாழ்நாளிலேயே மிகத் தாமதமாக ஓடும். நாம் அந்த வயதுப் பிள்ளைகளைத்தான் ஆறு மணி பஸ்ஸில் ஏற்றுகிறோம்.

நான் போடும் போஸ்டிங் லிஸ்ட் இப்போது மார்னிங், ஈவினிங், நைட் என்றுதான் போகும். நைட் முடித்த அன்று வகுப்பு கிடையாது, ரெக்கார்டு கேட்பதில்லை. டியூட்டிக்குப் போகுமுன் இருபது நிமிஷமாவது தூங்கிவிட்டுப் போ, ராத்திரி ஒரு மணிக்குப் பிறகு டீ வேண்டாம், திரும்பி வரும்போது வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், ரூமுக்கு வந்ததும் ஜன்னலை அட்டையால் மூடு, போனை ஃபிளைட் மோடில் போடு. இவ்வளவுதான் சொல்கிறேன். மனநலத்துக்கென்று காலை ஆறரை மணிக்குக் கட்டாய யோகா வகுப்பு வைக்கும் காலேஜ்களும் இருக்கின்றன. அந்த முக்கால் மணி நேரம் தூங்க விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாவு நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் விஷயம் என் கையை மீறிவிட்டது. சாவு நினைப்பு ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘மனம்’ என்ற மனநல மன்றங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். நர்ஸாகப் போகிறவள் போன் பண்ணினால் கேவலம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வார்டில் சர்க்கரை நோய் இருக்கும் சிஸ்டர்கள் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள், அதை யாரும் கேவலம் என்பதில்லை என்று அவர்களிடம் சொல்கிறேன்.

ஹவுஸ் ஓனரிடமும் பேசிவிட்டேன். மாடி ஜன்னலுக்கு அட்டை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பகலில் மோட்டார் போடும் நேரத்தை மாற்றுவது பற்றி மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.