மருந்து பாட்டிலைத் தூக்கி எறிந்தவன் எழுதுகிறேன்



முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. கடன் கேட்டு வருகிறவர் உரம் வாங்கிய பில்லைக் கொண்டு வரவில்லை என்றால், "போய் எடுத்துட்டு வாங்க" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவனே, தேவைப்பட்ட நேரத்தில் கையில் பில் இல்லாமல் நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2018-இல் ஓய்வு பெற்று, கச்சிராயபாளையம் பக்கம் இருக்கும் அப்பாவின் நிலத்துக்குத் திரும்பினேன். அப்போது நான் இயற்கை விவசாயி இல்லை. 2021 ஐப்பசியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். குருத்துக்குள் படைப்புழு. கடைக்காரர் இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார். "ரெண்டையும் ஒண்ணா கலந்து அடிங்க சார், ஒரே அடியில புழு விழுந்துடும்" என்றார். பில் கேட்டேனா? கேட்கவில்லை. பாட்டிலுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தேனா? அதுவும் இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வரும் தம்பி ஒருவர் டேங்க்கை முதுகில் கட்டி அடித்தார். கையுறை இல்லை, முகத்துக்கு ஒரு துண்டு மட்டும். டேங்க் மூடி சரியில்லாமல் முதுகில் வழிந்துகொண்டே இருந்தது. மதியம் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாயில் எச்சில், வாந்தி, கை கால் துடிப்பு. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து? பாட்டில் எங்க?"

பாட்டிலை நான்தான் கிணற்றுமேட்டுக் குப்பையில் போட்டுக் கொளுத்தியிருந்தேன். பெயர் பாதிதான் ஞாபகம் இருந்தது. தம்பி பிழைத்துவிட்டார். எட்டு நாள் ஆஸ்பத்திரி. ஆனால் மாதக்கணக்கில் கை நடுக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி பக்கத்தில் நிற்க, என்னைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது: "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, கம்பெனி மருந்து அப்படி."

வக்கீல் சொன்னது

நஷ்டஈடு கேட்கலாமா என்று பழக்கமான வக்கீலிடம் போனேன். அவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ எடுத்து வைத்தார். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அதன் 6-ஆவது அத்தியாயம், 82 முதல் 87 வரையான பிரிவுகள், 'பொருள் பொறுப்பு' பற்றியது. பழைய 1986 சட்டத்தில் இப்படி ஒரு தனி அத்தியாயம் கிடையாது.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஒரு பொருளால் உடம்புக்கோ உயிருக்கோ மனதுக்கோ மற்ற சொத்துக்கோ கேடு வந்தால், செய்தவர் ஈடு கொடுக்க வேண்டும். தயாரிப்பில் கோளாறு, வடிவமைப்பில் கோளாறு, சொன்ன உறுதிமொழிப்படி பொருள் இல்லாதது, சரியாகப் பயன்படுத்தும் வழியும் எச்சரிக்கையும் போதுமான அளவு சொல்லாதது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். கடைக்காரரும் முழுக்கத் தப்ப முடியாது. கம்பெனி சொன்ன எச்சரிக்கையை வாங்குகிறவரிடம் சேர்க்காவிட்டாலோ, தானாக ஒரு உறுதிமொழி கொடுத்து அது பொய்யானாலோ, கம்பெனி யாரென்றே தெரியாத சரக்கை விற்றாலோ அவரும் பொறுப்பு.

கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. அப்புறம் வக்கீல் 87-ஆவது பிரிவைக் காட்டினார். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் கடைக்காரர் மேல் வழக்கு போட முடியாது. எச்சரிக்கை போதவில்லை என்று கம்பெனி மேல் போடும் வழக்கிலோ, பொருளை வேலைக்காக வாங்கியவர் முதலாளியாக இருந்து, அவருக்குக் கம்பெனி எச்சரிக்கை கொடுத்திருந்தால் கம்பெனி பொறுப்பில்லை.

"முதலாளி யாரு சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் நான்தான் முதலாளி. எச்சரிக்கை என் கையில் மடித்த தாளாக வந்தது. பிரிக்காமல் நெருப்பில் போட்டது நான். அந்தத் தம்பிக்கும் நஷ்டஈட்டுக்கும் நடுவில் கம்பெனி மட்டும் நிற்கவில்லை, நானும் நின்றேன்.

வழக்கு போடவில்லை. பில் இல்லை, பாட்டில் இல்லை, இரண்டு மருந்தைக் கலந்ததில் எது கெடுத்தது என்று காட்ட வழியில்லை. இரண்டு வருடக் கெடுவும் ஓடிவிட்டது. என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். அதை நஷ்டஈடு என்று சொல்ல மாட்டேன்.

வாங்காதவருக்கும் உரிமை உண்டு

இந்த உரிமை எளிதாக வந்ததில்லை. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் டோனோகு என்ற பெண் குடித்த இஞ்சி பானத்தின் பாட்டிலில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு. பாட்டிலை வாங்கியவர் அவருடைய தோழி. வாங்காதவர் எப்படிக் கேட்கலாம் என்றது எதிர்த்தரப்பு. கடைசியாகப் பயன்படுத்தப் போகிறவரிடமும் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று 1932-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொன்னது. நம் சட்டத்திலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2012-இல் வந்த தீர்ப்பு. ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்திடம் வாங்கிய விதை சரியில்லை என்று வழக்கு போட்டார்கள். விளைச்சலை விற்கிற விவசாயி நுகர்வோர் ஆக மாட்டார், விதை மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கவில்லை என்றெல்லாம் கழகம் வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விவசாயியும் நுகர்வோர்தான், வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிறவரிடம் மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது.

எல்லோருக்கும் வழி இப்படித் திறப்பதில்லை. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது பல வருடம் நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் கேரள அரசுக்கு உத்தரவிட்டது 2017 ஜனவரியில்தான். அதே 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நம் கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. அந்தப் பொருளுக்கு லேபிள் இல்லை, பில் இல்லை, செய்தவர் முகவரி இல்லை. குற்ற வழக்கும், இறந்தவர் குடும்பத்துக்கு அரசு அறிவித்த 10 லட்சமும்தான் மிஞ்சின. நம் கையில் இருக்கும் மருந்து பாட்டிலில் எல்லாமே அச்சடித்திருக்கிறது. அதை நாமே கொளுத்திவிடுகிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

விதை, உரம், மருந்து, டானிக், மோட்டார், தெளிப்பான், எது வாங்கினாலும் பில் கேளுங்கள். அதில் பேட்ச் எண் இருக்க வேண்டும். பாட்டிலையும் உள்ளே இருக்கும் தாளையும் அறுவடை முடியும்வரை பூட்டி வையுங்கள். லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இருக்கும் கட்டத்தின் நிறம் விஷத்தின் அளவு: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று பொருளில்லை.

யாருக்காவது பாதிப்பு வந்தால் முதலில் 108. பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். மருத்துவமனைச் சீட்டில் மருந்தின் பெயர் ஏறுகிறதா என்று பாருங்கள். வேளாண் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

பாதிப்பு வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. சந்தேகம் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மலைவாழ் மக்கள், தாழ்த்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், அழைக்க 15100. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் நண்பர்கள் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நமக்கும் பொருந்தும்

"நாமதான் இயற்கைக்கு வந்துட்டோமே, நமக்கு எதுக்கு இது?" என்று நினைக்க வேண்டாம். 'இயற்கை டானிக்' என்று விற்கும் பாட்டிலுக்கும் இதே சட்டம்தான். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் செய்து விற்கிறோமே, அப்போது தயாரிப்பாளர் நாம்தான். மீன் அமிலம் பொங்கி மூடி தெறித்து ஒருவர் கண்ணில் பட்டால் யார் பொறுப்பு? அக்னி அஸ்திரத்தில் பச்சை மிளகாயும் புகையிலையும் இருக்கின்றன. புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். என்ன சேர்த்தோம், எந்தத் தேதியில் செய்தோம், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு, எதில் கவனம் வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவோம். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்வோம்.

அந்தத் தம்பி இப்போது மலையில் சாமை விதைக்கிறார். மருந்து டேங்க்கைத் தொடுவதில்லை. என் நிலத்திலும் அதன் பிறகு விஷம் விழவில்லை. போன மாதம் அக்னி அஸ்திரம் அடிக்க வந்த பையனுக்குக் கையுறை, முகமூடி கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். "இலை தழைக்குப் போய் எதுக்கு சார் இதெல்லாம்?" என்று சிரித்தான். போட்ட பிறகுதான் டேங்க்கைத் தூக்கிக் கொடுத்தேன்.