புது ரோட்டை ஏன் உடனே தோண்டுறாங்க? சிவகாசிக்கு ஒரு கணக்கு

தார் ரோட்டின் சூடு ஆறும் முன்பே ஜேசிபி வந்து நிற்கும். பல ஊர்களில் இதே கதைதான். 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியான சிவகாசி, ஆண்டுத் திட்டம் போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஏன் இப்படி நடக்குது?
ரோடு, குடிநீர், மின்சாரம், டெலிகாம் எல்லாத்துக்கும் தனித்தனி பட்ஜெட், தனித்தனி டெண்டர். ஒருத்தர் மூடியதை இன்னொருத்தர் தோண்டுகிறார். இரண்டு செலவும் மக்கள் தலையில்தான்.

எது முதலில்?
ஆழத்தில் போவதுதான். பாதாள சாக்கடையில் கழிவுநீர் தானாக ஓட சரிவு வேணும். அதனால் அதுதான் அடியில். அதற்கு மேலே குடிநீர்க் குழாய், பிறகு கேபிள். ரோடும் நடைபாதையும் கடைசியில்.

எப்போ தோண்டலாம்?
அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்கு முந்தைய மாதங்களில் தீபாவளிப் பட்டாசு ஏற்றிய லாரிகள். ஆக, பொங்கல் முடிந்து ஜூன் வரைதான் வசதியான காலம். அப்போ வேலை தொடங்கணும்னா, டெண்டர் மழைக்காலத்திலேயே முடியணும்.

உள்ளே என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?
2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' ஆப்பை அறிமுகப்படுத்தியது. தோண்டுபவர் இதில் முன்கூட்டியே தெரிவித்தால், கேபிள், குழாய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும்.

நீங்க என்ன செய்யலாம்?
உங்க தெருவுக்கு ரோடு வருதா? கவுன்சிலரிடம் ஒரே கேள்வி கேளுங்க: "அடியில் போக வேண்டியதெல்லாம் போட்டாச்சா?"