அஷ்டபியூலாப் பாலம்: மரத்தின் வடிவமும் இரும்பின் இயல்பும்

பாலங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1865இல் கட்டப்பட்டு, 1876 டிசெம்பர் 29ஆம் நாளிரவு வீழ்ந்த அஷ்டபியூலாப் புகையிரதப் பாலம் வேறுவகையான நோக்கை வேண்டிநிற்கின்றது.

1840இல் வில்லியம் ஹௌ காப்புரிமை பெற்ற சட்டகமுறையில், சாய்வுத் தண்டுகள் அமுக்கத்தையும் நிலைக்குத்துத் தண்டுகள் இழுவையையும் தாங்குவன. மரம் அமுக்கத்தைத் தாங்கவல்லது. ஆயின் அதன் மூட்டுகள் இழுவைக்கு எளிதில் இளகும். எனவே சாய்வுகளைப் பருமனான மரத்தாலும் நிலைக்குத்துகளை இரும்புக் கம்பிகளாலும் அவர் அமைத்தார். மரம் மலிந்த நாட்டுக்கு மிகப் பொருத்தமான முறை இது எனலாம். முழுவதையும் இரும்பால் ஆக்கும்போதோ நிலைமை மாறுகின்றது. நீண்டு மெலிந்த இரும்புத் தண்டு அமுக்கப்படுமிடத்து, நசுங்குமுன்னரே பக்கவாட்டில் வளைந்துவிடும்.

புகையிரதக் கம்பனியின் தலைவர் அமாசா ஸ்ரோன் ஹௌவின் மைத்துனர். அம்முறையில் பாலங்கள் கட்டிப் பொருளீட்டியவர். ஏறத்தாழ 150 அடி அகன்ற அவ்விடைவெளியை முற்றிலும் இரும்பாலான ஹௌ சட்டகத்தால் கடக்க அவரே தீர்மானித்தார். சாய்வுகள் போதிய வலிமையற்றவை என்று எடுத்துரைத்த பொறியியலாளர் யோசப் ரொம்லின்சன் பணியைவிட்டு நீங்க நேர்ந்தது. முதலாளியின் சொல்லுக்கும் கணிப்புக்கும் முரண் தோன்றியவிடத்து எது விட்டுக்கொடுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தற்காலிகத் தாங்கிகளை அகற்றியதும் பாலம் தொய்ந்தது. சாய்வுத் தண்டுகள் திருப்பிப் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு சாய்விலும் பல தண்டுகள் இருந்தபோதிலும் அவை ஒன்றாகப் பிணைக்கப்படாமை கவனிக்கற்பாலது. பிணைப்பற்ற தண்டுகள், எத்தனையாயினும், தனித்தனியே வளைவனவே. அவற்றைத் தாங்கிய வார்ப்பிரும்புக் கட்டைகளுள் ஒன்றில் வார்ப்புக் குறைபாடான வெற்றிடம் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. 11 ஆண்டுகள் பாலம் நின்றமை அதன் உறுதிக்குச் சான்றன்று. கடந்துசென்ற ஒவ்வொரு வண்டியும் அக்குறைபாட்டிலிருந்து வெடிப்பை வளர்த்திருத்தல் கூடும் என்பர் பிற்கால ஆய்வாளர்.

பனிப்புயலினூடே இரு எஞ்சின்களும் 11 பெட்டிகளும் கொண்ட பயணிகள் வண்டி வந்தது. முன் எஞ்சின் மட்டுமே அக்கரை சேர்ந்தது. ஏனையவை 70 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஆற்றில் வீழ்ந்தன. பெட்டிகளைச் சூடேற்ற வைத்திருந்த அடுப்புகளிலிருந்து தீ பரவியது. வீழ்ச்சியில் தப்பியோர் பலர் தீயிற்கு இரையாயினர். இறந்தோர் ஏறத்தாழ 92 பேர். அடையாளங் காணவியலாத உடல்களும் பல.

விசாரணையில் ஸ்ரோன் தமது வடிவமைப்பிற் குறையில்லை என்றும் வண்டி தடம்புரண்டே பாலத்தைச் சிதைத்திருக்கவேண்டும் என்றும் வாதித்தார். மரண விசாரணைச் சபை அதனை ஏற்காது கம்பனியையே பொறுப்பாக்கியது. தாம் வடிவமைக்காத அப்பாலம் குறித்துச் சாட்சியமளித்த தலைமைப் பொறியியலாளர் சார்ள்ஸ் கொலின்ஸ், 1877 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டுக் காயத்துடன் இறந்துகிடக்கக் காணப்பட்டார்.