பழைய கிட்டார் ஆம்ப் வாங்கும்போது மூணாவது பின்னைப் பாருங்க

"கிட்டார் வாங்கியாச்சு, புது ஆம்ப் வாங்க காசு இல்ல, செகண்ட் ஹேண்ட்ல எதைப் பார்த்து எடுக்கிறது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த எபிசோட் முழுக்க அதுதான். முதல்ல நான் ஏமாந்த கதையைச் சொல்லிடுறேன்.

என் சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னையில ஒருத்தர்கிட்ட 40 வாட்ஸ் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒண்ணு வாங்கினேன். வித்தவர் பெருமையா சொன்ன ஒரே விஷயம், "ப்ரோ, ஹம் சத்தமே வராது, கேட்டுப் பாருங்க." உண்மையிலேயே வரல. சந்தோஷமா தூக்கிட்டு வந்துட்டேன்.

அந்த வருஷம் சித்திரை மாசம் ஊர்ல ஒரு கல்யாண வீட்டுல பாட ஒத்துக்கிட்டோம். மைக்செட் ஊர்க்காரர்தான். கிட்டாரைக் கையில பிடிச்சுக்கிட்டு மைக்குல வாயை வெச்சேன், உதட்டுல சுளீர்னு ஒரு அடி. மைக்செட் அண்ணன் ஓடி வந்து டெஸ்டரை என் கிட்டார் கம்பியில வெச்சார். லைட் எரிஞ்சுது. ஆம்ப்போட ப்ளக்கை உருவிப் பார்த்தா, மூணாவது பின்னே இல்ல. யாரோ ப்ளேடு போட்டு அறுத்திருக்காங்க. "ஏ தம்பி, இதை எவன் வெட்டுனது?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. ஹம் வராததுக்குக் காரணம் மட்டும் அப்பதான் புரிஞ்சுது.

நடந்தது இதுதான். கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியா, கேபிள் வழியா ஆம்ப்போட இரும்புச் சட்டத்தோட இணைஞ்சிருக்கு. அந்தச் சட்டத்துக்கு எர்த் இல்லைன்னா, உள்ள கசியுற கரண்ட் போக வழியில்லாம அங்கேயே நிக்கும். எதிர்ல மைக் மிக்சரோட சேர்ந்து சரியா எர்த் ஆகியிருக்கு. நடுவுல பாடகர் நிக்கிறார். ரெண்டையும் தொட்டா, வழி அவர்தான். எனக்கு வந்தது சின்ன கசிவு, தப்பிச்சேன். 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சீ நகரத்துல, ஸ்டோன் தி க்ரோஸ் இசைக்குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார்.

எங்க ஊர்ல இது இன்னும் ஒரு படி சிக்கல். கோடையில கரிசல் மண் காய்ஞ்சு பாளம் பாளமா வெடிக்கும். ஈரமா இருக்கும்போது கரண்ட்டை நல்லா கடத்துற மண்ணு, காய்ஞ்சதும் எர்த் கம்பியை விட்டு விலகிடும். அப்போ மூணு பின் ஒழுங்கா இருந்தாலும் எர்த் பேருக்குத்தான். அதனாலதான் விவரமான மைக்செட்காரங்க கம்பியை அடிச்சதும் ரெண்டு குடம் தண்ணி ஊத்துவாங்க. வீட்டு எர்த் குழியில கரியும் உப்பும் போடுறதும் ஈரத்தைப் பிடிச்சு வைக்கத்தான். உங்க ஃபிளாட்ல எர்த் இருக்கான்னு ஒரு எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துடுங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தா இன்னும் நல்லது.

எதை வாங்குறது?

வீட்டுல வாசிக்க 10லிருந்து 20 வாட்ஸ் தாராளம். டிரம்ஸோட வாசிக்கணும்னா டிரான்சிஸ்டர் ஆம்ப்ல 50 வாட்ஸ் பக்கம் பாருங்க. வால்வ் ஆம்ப்பா இருந்தா அதுல பாதி போதும். ஆனா வால்வ் தேயும், மாத்தணும், ஆம்ப் கனமும் ஜாஸ்தி. முதல் ஆம்ப்புக்கு டிரான்சிஸ்டரே போதும்னு நான் சொல்வேன்.

"ஊர்ல மைக்செட் ஆம்ப் சும்மா கிடக்கு, அதுல கிட்டாரைக் குத்தலாமா?"ன்னு கேட்பீங்க. சத்தம் வரும், ஆனா நல்லா இருக்காது. கிட்டார் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவுக்கு உயர்ந்த இன்புட் வேணும். மைக் இன்புட் அதைவிட ரொம்பக் குறைவு, அதனால சத்தம் மழுங்கிடும். அதோட அந்த ஆம்ப்கள்ல 100 வோல்ட் லைன்னு ஒரு அவுட்புட் இருக்கும், தூரத்துக் கூம்பு ஸ்பீக்கர்களுக்காக. அதுல சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரை நேரா மாட்டிடாதீங்க.

வெளிநாட்டுல இருந்து வந்த ஆம்ப்னா பின்பக்க ஸ்டிக்கரைப் படிங்க. 120 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா, நம்ம 230 வோல்ட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அந்தச் செலவையும் விலையில கணக்கு பண்ணுங்க.

வித்தவர் வீட்டுல பத்து நிமிஷம்

உங்க கிட்டாரையும் உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல கேபிளையும் கொண்டுபோங்க. 300, 400 ரூபாய் மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா போதும்.

1. ப்ளக்கை மாட்டுறதுக்கு முன்னாடி, மீட்டரை கன்டினியூட்டியில வெச்சு, ஒரு முனை ப்ளக்கோட பெரிய பின், இன்னொரு முனை ஆம்ப்போட இரும்புச் சட்டத்து ஸ்க்ரூ. பீப் வரணும். வரலைன்னா ஆன் பண்ணாதீங்க. அடாப்டர்ல ஓடுற குட்டி ஆம்ப்களுக்கு இது பொருந்தாது.
2. மோந்து பாருங்க. கருகின வாசனை இருந்தா விட்டுடுங்க.
3. எதையும் மாட்டாம ஆன் பண்ணி, வால்யூமை மெதுவா ஏத்துங்க. லேசான "ஸ்ஸ்" சகஜம். பெரிய உறுமல் சகஜம் இல்ல.
4. கிட்டாரை மாட்டி, ஒவ்வொரு குமிழையும் முழுசா திருப்புங்க. கரகரன்னா தூசி. எங்க ஊர் புழுதியில ஒரு வருஷம் இருந்த ஆம்ப் எல்லாமே கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சா பெரும்பாலும் சரியாகும். பயப்பட வேண்டாம், விலை பேச உதவும்.
5. பத்து நிமிஷம் வாசிங்க. சூடானதும் சத்தம் குறைஞ்சாலோ விட்டுவிட்டு வந்தாலோ உள்ள வேலை இருக்கு.
6. மேல லேசா தட்டுங்க. அப்போ சத்தம் மாறினா எங்கேயோ ஈயம் விட்டிருக்கு, இல்லன்னா ஜாக் லூஸ்.

வீட்டுக்கு வந்தப்புறம் சத்தமே வரலைன்னா

மைக்செட் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது: வெளியில இருந்து உள்ளே வா. முதல்ல கேபிளை மாத்துங்க. அப்புறம் கிட்டாரை மாத்துங்க. அதுக்கப்புறம்தான் ஆம்ப்பைச் சந்தேகப்படணும்.

ஹெட்ஃபோன் ஜாக் இருந்தா, ஒரு பின்னை பத்து தடவை சொருகி எடுங்க. ஹெட்ஃபோன் மாட்டினா ஸ்பீக்கரை நிறுத்துற சுவிட்ச் அந்த ஜாக்குக்குள்ளதான் இருக்கு. அதுல தூசி அடைச்சா ஸ்பீக்கர் ஊமையாகிடும். பின்னாடி செண்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஓட்டை இருந்தா, ஒரு சின்ன கேபிளால ரெண்டையும் இணைச்சுப் பாருங்க. சத்தம் வந்துட்டா ரிட்டர்ன் ஜாக்தான் குற்றவாளி. ஆம்ப் செத்துப்போச்சுன்னு பாதி விலைக்குத் தள்ளிவிடுறதுல சிலது இப்படி ஜாக் அழுக்கு மட்டும்தான்.

உறுமலைப் பிரிச்சுக் கேளுங்க. தாழ்வா, மிருதுவா "ம்ம்ம்"னு வந்தா அது 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் எர்த் லூப் இல்லன்னா கேபிள். அதைவிட ஒரு ஸ்தாயி மேல, கரடுமுரடா "ஜ்ஜ்ஜ்"னு வந்தா 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளையில ஃபில்டர் கப்பாசிட்டர் வயசாயிடுச்சு. அது மெக்கானிக் வேலை.

எர்த் லூப்னா, ஆம்ப்பும் மிக்சரும் வேற வேற இடத்துல கரண்ட் எடுக்கும்போது வர்றது. இந்த உறுமலை நிறுத்தத்தான் ஜனங்க மூணாவது பின்னை அறுக்கிறாங்க. என் ஆம்ப்புக்கு அண்ணன் புது மூணு பின் ப்ளக் போட்டார், ரெண்டையும் ஒரே போர்டுல மாட்டினார். ஹம் கிட்டத்தட்ட போயிடுச்சு. செலவு ஒரு ப்ளக்தான். அப்படியும் போகலைன்னா டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும். அது சிக்னல் கேபிளோட எர்த்தை மட்டும் பிரிக்கும், ப்ளக்கோட எர்த் அப்படியே இருக்கும்.

மூணு விஷயம் மட்டும் செய்யாதீங்க. ஃபியூஸ் போனா அதே அளவு போடுங்க. பெருசு போட்டா அடுத்து டிரான்ஸ்ஃபார்மர் போகும். வால்வ் ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாம ஓட்டாதீங்க. ப்ளக்கை உருவிட்டோம்னு நம்பி மூடியைத் திறந்து கையை விடாதீங்க. வால்வ் ஆம்ப் கப்பாசிட்டர்ல பல நூறு வோல்ட் அப்படியே தேங்கி நிக்கும்.

என் ஆம்ப் இப்பவும் என்கிட்டதான் இருக்கு. ஆன் பண்ணா லேசா ஹம் வரும். வித்தவர்கிட்ட கேட்ட அந்த அமைதியை விட எனக்கு இந்தச் சத்தம் பரவாயில்ல. உங்க வீட்டு ஆம்ப்போட ப்ளக்கை இன்னைக்கே உருவி ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.